ஐ.டி.ஐ-யில் ஏ.சி. மெக்கானிக் பிரிவை ஏற்று நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மே மாதம், மதியம் இரண்டு மணி. மூன்றாவது மாடி சன்ஷேடில் ஒரு பையன் ஸ்ப்ளிட் ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட்டை மாட்டிக்கொண்டிருக்கிறான். பைப் இணைத்தாயிற்று. அடுத்து வேக்யூம் போட வேண்டும், அதாவது பைப்பில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பம்ப் கீழே வண்டியில் இருக்கிறது. யூனிட்டில் உள்ள கேஸையே கொஞ்சம் திறந்து, பைப்பில் நிற்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். வீட்டுக்காரருக்குத் தெரியப்போவதில்லை. இன்னும் மூன்று வீடு பாக்கி இருக்கிறது.

அவன் கீழே இறங்கிப் போய்ப் பம்பைத் தூக்கி வருவானா? ஐ.டி.ஐ-யில் ஆர்.ஏ.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் குளிர்பதன, ஏ.சி. பிரிவை நடத்துகிறவரின் வேலை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். வேக்யூம் ஏன் போட வேண்டும் என்று பரீட்சையில் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். யாரும் பார்க்காதபோதும் போடுகிறவனை உருவாக்குவதுதான் கஷ்டம். அதற்குப் பட்டறையின் அமைப்பும், மதிப்பெண் போடும் முறையும், ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும்கூடக் காரணமாகும். இந்தப் பிரிவில் பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையில், புதிதாகப் பொறுப்பேற்கும் ஒருவருக்குச் சொல்ல நினைப்பதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதல் வாரம்: மணிக்கணக்கும் ஸ்டாக் ரிஜிஸ்டரும்

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரும் இரண்டு ஆண்டுப் படிப்பு இது. ஒரு யூனிட்டுக்கு 24 பேர். 2022-இல் திருத்திய பாடத்திட்டப்படி ஓர் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். முதலாண்டில் செய்முறை 840, தொழிற்பாடம் 240, வேலைவாய்ப்புத் திறன் 120. இரண்டாம் ஆண்டில் செய்முறை அதே 840, தொழிற்பாடம் 300, வேலைவாய்ப்புத் திறன் 60. இதற்கு மேல் ஆண்டுக்கு 150 மணி நேரம் வெளியே நிறுவனங்களில் பயிற்சி. செய்முறைக்கு 840 மணி என்றதும் தாராளமாகத் தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டறையில் ஒரே ஒரு வேக்யூம் பம்ப் இருக்கிறது, ஒருவர் ஒருமுறை செய்து முடிக்க 40 நிமிடம் ஆகிறது என்றால், 24 பேரும் ஆளுக்கு ஒருமுறை தொட 16 மணி நேரம். ஒருமுறை செய்து எந்தக் கைப்பழக்கமும் வராது. ஆகவே எல்லோரும் ஒரே நாளில் ஒரே வேலையைச் செய்யும் முறையை முதலிலேயே விட்டுவிடுங்கள். நான்கு பேர் கொண்ட ஆறு குழு, ஆறு வேலை மேசை, சுழற்சி முறை. இந்தச் சுழற்சி அட்டவணையை வகுப்பு தொடங்கும் முன்பே போட்டுச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

அப்புறம் ஸ்டாக் ரிஜிஸ்டர். புத்தகத்தில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒன்றுதானா என்று நீங்களே ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓடுவது, ரிப்பேர் பார்த்தால் ஓடுவது, கழிக்க வேண்டியது என்று மூன்றாகப் பிரித்து எழுதி முதல்வரிடம் கொடுத்த பிறகே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுங்கள். நான் பொறுப்பேற்ற ஓரிடத்தில் கேஸ் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்ட் கேஜ் எல்லாம் பெட்டி பிரிக்காமல் புதுசாக இருந்தது. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் யாருமே வெளியே எடுக்கவில்லை. பசங்கள் கேஜைப் படமாகத்தான் பார்த்திருந்தார்கள். கருவி தேய்வதற்குத்தான் வாங்கப்படுகிறது. தேய்மானத்தை ரிஜிஸ்டரில் ஒழுங்காக எழுதிவைத்தால் தணிக்கையில் பயப்பட எதுவும் இல்லை.

காப்பர் பைப், உருக்கிப் பைப்புகளை ஒட்டும் பிரேஸிங் ராடு, நைட்ரஜன், கேஸ் ஆகியவற்றுக்கான இண்டென்ட்டை (கொள்முதல் கோரிக்கையை) ஆண்டின் தொடக்கத்திலேயே போடுங்கள். காப்பர் விலை நடுவில் ஏறிவிடக்கூடும். பைப் இல்லாத மாதத்தில் இந்தப் பிரிவுக்கு வேலையே கிடையாது.

2. பட்டறையைப் பிரித்து அமைப்பது

நான்கு பகுதிகள் வேண்டும்: பெஞ்ச் வேலை, எலக்ட்ரிக்கல் மேசைகள், பைப் வேலையும் பிரேஸிங்கும், ஓடும் யூனிட்கள். பிரேஸிங் இடத்தையும் கேஸ் கையாளும் இடத்தையும் எவ்வளவு தூரம் தள்ளிவைக்க முடியுமோ அவ்வளவு தள்ளிவையுங்கள். ஆர்-22 என்ற குளிர்பதனக் கேஸ் மட்டும் இருந்த காலத்தில் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இன்று வீட்டு ஏ.சி.களில் வரும் ஆர்-32 மெதுவாகத் தீப்பிடிக்கும் வகை. ஆர்-290 என்பது புரொப்பேன்தான். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். ஆர்-32-க்கு அந்த அளவு சுமார் 14 சதவீதம். இரண்டுமே காற்றைவிடக் கனமானவை, தரையில்தான் தங்கும். மேலே சுழலும் ஃபேனை நம்பக்கூடாது. தரை மட்டத்தில் காற்றை வெளியே இழுக்கும் வழி இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் பள்ளம், கேபிள் குழி எதுவும் இருந்தால் மூடுங்கள்.

ஒரு செங்கல் சுவர் கட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏழடி உயரம், இரண்டு பக்கமும் பயன்படும்படி. ஒரு பக்கம் இண்டோர், மறுபக்கம் அவுட்டோர். ஸ்ப்ளிட் ஏ.சி.யை மாட்டுவதும் கழற்றுவதும் அந்தச் சுவரில் ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும். பைப்புக்காகச் சுவரில் கோர் கட்டிங் செய்த துளை வெளிப்பக்கமாக லேசாகச் சரிந்திருக்காவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்பதை அந்தச் சுவரில் ஒருமுறை நனைந்து கற்றவன் மறக்கமாட்டான்.

3. முதல் மாதம் முழுவதும் பாதுகாப்பு

இதை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம்மை நம்பித்தான் அனுப்புகிறார்கள்.

மின்சாரம்: மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து காட்டும் பழக்கம் இந்தத் தொழிலில் ஊறிப்போனது. நீங்கள் ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள். 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டருக்கு இரண்டு இன்சுலேட்டட் புரோப் வைத்து ஒவ்வொரு குழுவும் தாங்களே ஒரு டிஸ்சார்ஜ் கருவி செய்யட்டும். அதைத் தொட்டு எடுத்த பிறகு மீட்டரிலும் வோல்டேஜ் இல்லை என்று பார்க்க வேண்டும். மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எல்லா மேசைக்கும் கட்டாயம்.

அழுத்தம்: லீக் டெஸ்ட்டுக்கு நைட்ரஜன் மட்டும்தான். ஆக்சிஜன், கம்ப்ரஸர் ஆயிலுடன் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜன் தீர்ந்துவிட்டது, பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று ஒருவன் ஒருநாள் நினைப்பான். அப்படி நினைக்கும்போதே அவன் கை நடுங்க வேண்டும், அந்த அளவுக்குச் சொல்லிவையுங்கள். நிரம்பிய நைட்ரஜன் சிலிண்டரில் 2,000 பி.எஸ்.ஐ-க்கும் மேல் அழுத்தம் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் ஹோஸ் மாட்டவே கூடாது. யூனிட்டின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டி ஏற்றவும் கூடாது.

நெருப்பு: கேஸ் உள்ளே இருக்கும்போது பைப்பில் டார்ச் வைத்தால் தீ மட்டுமல்ல, நச்சுப் புகையும் வரும். கேஸை ரெக்கவரி செய்து (மெஷினால் வேறு சிலிண்டருக்கு எடுத்து), நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் டார்ச். அசிட்டிலின் சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஆக்சிஜன், அசிட்டிலின் இரண்டு லைனிலும் தீ பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரஸ்டர் இருக்க வேண்டும்.

உயரம்: ஏ.சி. மெக்கானிக் வேலையில் விழுந்து உயிர் போகும் ஆபத்து பெரியது. பாடத்தில் இதற்குச் சில வரிகள்தான் இருக்கும், நீங்கள் பல நாட்கள் ஒதுக்குங்கள். முழு உடல் ஹார்னஸை (பாதுகாப்புப் பட்டையை) மாட்டுவது எளிது. அதன் கொக்கியை எங்கே மாட்டுவது என்பதுதான் பாடம். ஜன்னல் கம்பி, அவுட்டோர் யூனிட்டின் ஸ்டாண்ட், தண்ணீர்க் குழாய் இவற்றில் மாட்டுவது எதிலும் மாட்டாததற்குச் சமம். கொக்கி மாட்ட இடமில்லை என்றால் "இந்த வேலையை இப்படிச் செய்ய முடியாது சார்" என்று முதலாளியிடம் சொல்லும் வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகவையுங்கள். பதினேழு வயதுப் பையனுக்கு ஹார்னஸ் மாட்டுவதைவிட அந்த வாக்கியம்தான் கடினம்.

4. காப்பர் பைப்

புதிய கேஸ் நிரப்பிய வீட்டில் இரண்டு மாதத்தில் மறுபடியும் குளிர்ச்சி இல்லை என்று அழைப்பு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஃபிளேர் ஜாயின்ட், அதாவது பைப்பின் வாயை விரித்து நட்டால் இறுக்கிய இணைப்பு. பைப்பைக் கட்டரால் வெட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ரீமரால் பிசிறு எடுக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் பிசிறு உள்ளே விழுந்து கம்ப்ரஸர் வரை போகும். ஃபிளேர் போடும் முன் நட்டை மாட்டினாயா என்று கேளுங்கள். எத்தனை முறை சொன்னாலும் முதல் வாரத்தில் பாதிப் பேர் மறப்பார்கள். இறுக்குவதற்கு, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச். கை பலத்தை நம்பி இறுக்கினால் ஃபிளேரின் கழுத்து மெலிந்து, பிறகு வெடிக்கும்.

நான் ஆளுக்கு 50 ஃபிளேர் கேட்பேன். கால் அங்குலம், மூன்று சூத்திரம் என்று சொல்லும் 3/8 அங்குலம், அரை அங்குலம் என்று கலந்து. அத்தனையையும் ஒரு கம்பியில் கோத்துப் பெயர் எழுதித் தொங்கவிடுவோம். முதல் ஃபிளேரையும் ஐம்பதாவதையும் அவனே ஒப்பிட்டுப் பார்ப்பான். அந்த முகத்தைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. வெட்டி வெட்டிக் குட்டையான துண்டுகளைப் பிறகு பிரேஸிங் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பிரேஸிங்கில் ஒரு செயல்விளக்கம் ஆயிரம் வார்த்தைக்கு மேல். ஒரே மாதிரி இரண்டு ஜாயின்ட் போடுங்கள். ஒன்றில் பைப்பின் உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டு, மற்றொன்றில் விடாமல். இரண்டையும் நீளவாக்கில் அறுத்துக் காட்டுங்கள். ஒன்றின் உள்ளே காப்பர் பளபளக்கும். மற்றதில் கரிபோன்ற கறுப்பு உதிரும். அந்தக் கறுப்புதான் கேப்பிலரி என்ற மெல்லிய குழாயை அடைக்கிறது, எக்ஸ்பான்ஷன் வால்வைக் கெடுக்கிறது.

5. எலக்ட்ரிக்கல்

கம்ப்ரஸரின் மூன்று முனைகளில் காமன், ஸ்டார்ட், ரன் எது என்று மீட்டரால் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஓம் அதிகமோ, அவற்றைத் தவிர்த்த மூன்றாவது காமன். காமனிலிருந்து ஓம் அதிகம் காட்டுவது ஸ்டார்ட், குறைவாகக் காட்டுவது ரன். இது நன்றாகப் பிடிபட்டதும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் ஒன்றைக் கொடுங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டும். "சார், இது கெட்டுப்போச்சு" என்பார்கள். அங்கிருந்து இன்வெர்ட்டர் பாடம் தானாகவே தொடங்கிவிடும்.

6. வேக்யூம்

முதலில் ஒரு கண்ணாடிக் குடுவையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி வேக்யூம் பம்பில் இணைத்து ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். கொதித்ததும் நிறுத்திவிடுங்கள், நீராவி பம்பின் ஆயிலைக் கெடுக்கும். பிறகு அந்த ஆயிலை மாற்றிவிடுங்கள். குடுவையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சூடே இருக்காது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. பைப்பில் ஒட்டியிருக்கும் ஈரத்தை இப்படித்தான் ஆவியாக்கி வெளியே எடுக்கிறோம் என்பது அப்போது புரியும்.

வெளிக்காற்றின் அழுத்தம் 760 மி.மீ. பாதரசம், அதாவது 7,60,000 மைக்ரான். நமக்கு வேண்டியது 500 மைக்ரானுக்குக் கீழே. சாதாரண நீலக் கேஜில் 5,000-க்கும் 500-க்கும் வித்தியாசமே தெரியாது, ஊசி அசையாது. ஆகவே மைக்ரான் கேஜ் வாங்குங்கள். வேறு எதைக் குறைத்தாவது வாங்குங்கள். "அரை மணி நேரம் ஓடவிட்டேன்" என்பது கணக்கில்லை. 500-ஐத் தொட்டதா, வால்வை மூடிப் பத்து நிமிடம் வைத்தபோது எவ்வளவு ஏறியது, இதுதான் கணக்கு. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக்.

ஈரம் உள்ளே தங்கினால் என்ன ஆகும் என்பதையும் காட்ட வேண்டும். இன்றைய பாலியெஸ்டர் ஆயில் ஈரத்தைக் குடித்து அமிலமாக மாறி, மோட்டார் காயிலை அரிக்கும். எரிந்துபோன கம்ப்ரஸர் ஒன்றை அறுத்துப் பட்டறையில் வைத்திருங்கள். அதன் ஆயில் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவனுக்கு வேக்யூம் பற்றி நீங்கள் நீளமாகப் பேச வேண்டியதில்லை.

இனி முக்கியமானது. முதலாண்டு முழுவதும் வேக்யூமை நீங்கள் நேரில் பார்த்து மதிப்பெண் போடுங்கள். இரண்டாம் ஆண்டில் பார்ப்பதை நிறுத்துங்கள். ஜாப் ஷீட்டில் அவனே மைக்ரான் அளவையும் நேரத்தையும் எழுதட்டும். எப்போதாவது, முன்கூட்டிச் சொல்லாமல், அவன் எழுதிவைத்த யூனிட்டில் நீங்கள் கேஜ் மாட்டிப் பாருங்கள். எழுதியதும் இருப்பதும் வேறாக இருந்தால் கோபப்படாதீர்கள். "இன்னொரு தடவை போடு, நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லி மாலை ஆறு மணி ஆனாலும் பக்கத்தில் உட்காருங்கள். சுமாரான மைக்ரானை உண்மையாக எழுதியவனுக்கு, அழகான மைக்ரானைப் பொய்யாக எழுதியவனைவிட அதிக மதிப்பெண் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

7. கேஸ்

எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். பெயர்ப்பலகையில் எத்தனை கிராம் என்று இருக்கிறது. பைப் நீளம் கூடினால் மீட்டருக்கு எத்தனை கிராம் சேர்ப்பது என்று கம்பெனி கையேட்டில் இருக்கிறது. ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை என்பதால் திரவமாகவே எடுக்க வேண்டும். கேஜைப் பார்த்து நிரப்பிப் பழகிய கைகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆர்-22 ஓடும்போது சக்ஷனில் (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் பைப்பில்) 60 முதல் 70 பி.எஸ்.ஐ. காட்டும். ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டிலும் 110 முதல் 130 வரை போகும், இன்வெர்ட்டரில் இன்னும் மாறிக்கொண்டே இருக்கும். பழைய எண்ணை மனதில் வைத்துப் புதிய மெஷினைத் தொட்டால் தவறு நிச்சயம்.

கேஸ்களின் கதையையும் சொல்லுங்கள், பசங்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். ஆர்-22 போன்றவற்றை நிரப்பிப் புதிய மெஷின் தயாரிப்பது இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய ஆர்-22 மெஷின்கள் வீடுகளில் இன்னும் ஓடுகின்றன, அவற்றையும் பழுது பார்க்கத் தெரிய வேண்டும். ஓசோனைக் கெடுக்காத ஆர்-410ஏ பூமியைச் சூடாக்குவதில் பெரிய ஆள். ஒரு கிலோவைக் காற்றில் விட்டால் இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடை விட்டதற்குச் சமம். அதனால் அந்த மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் வந்ததுதான் கிகாலி திருத்தம். அதன்படி இந்தியா 2032-இலிருந்து இந்தக் கேஸ்களின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பையன் அப்போதும் இதே தொழிலில் இருப்பான்.

அதனால் ரெக்கவரி மெஷின் அலமாரியில் தூங்கக் கூடாது. பட்டறையில் ஒரு கிராம் கேஸும் வேண்டுமென்றே காற்றில் போகக் கூடாது என்பது விதி. ரெக்கவரி சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆர்-22 மெஷினில் ஆர்-290 போட்டுப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். தீப்பிடிக்கும் கேஸுக்கு ஏற்றபடி அந்த மெஷினின் ஸ்விட்சுகளும் ரிலேயும் செய்யப்பட்டிருக்காது.

8. கோளாறு கண்டுபிடிப்பது

ஓடும் யூனிட் ஒன்றில் நீங்களே கோளாறு வையுங்கள்: வலுவிழந்த கெபாசிட்டர், அழுக்கடைந்த ஃபில்டர், இடம் மாறிய சென்சார், குறைந்த கேஸ். விதி ஒன்றுதான். ஸ்பேனரைத் தொடும் முன் ஐந்து அளவு எழுத வேண்டும்: வோல்டேஜ், ஆம்பியர், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, வெளியே வரும் காற்றின் வெப்பநிலை, சக்ஷன் பைப்பின் வெப்பநிலை. ஃபில்டர் அழுக்கை "கேஸ் கம்மி" என்று சொல்லிக் காசு வாங்குவது இந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. நம் பசங்கள் அதைச் செய்யாமலிருக்க வேண்டுமென்றால், அளந்து சொல்லும் பழக்கம் இங்கேயே வர வேண்டும்.

9. சீசன்

மார்ச் பிறந்ததும் வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழும். ஏ.சி. சர்வீஸுக்கு ஆள் கிடைக்காத மாதங்கள் அவை. தினக்கூலி கிடைக்கும், வீட்டிலும் தேவை இருக்கும். திட்டிப் பயனில்லை. ஜனவரியிலேயே ஊரில் உள்ள சர்வீஸ் சென்டர்களைப் போய்ப் பாருங்கள். அந்த 150 மணி நேர வெளிப்பயிற்சியைக் கூடியவரை சீசனில் வையுங்கள். அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஹார்னஸ் கொடுக்கிறீர்களா, வண்டியில் வேக்யூம் பம்ப் இருக்கிறதா, பையனுடன் அனுபவமுள்ள ஒருவர் போவாரா. ஒன்றுக்காவது இல்லை என்றால் அங்கே அனுப்பாதீர்கள். ஒருமுறை நான் இதை விசாரிக்காமல் அனுப்பினேன். பையன் மாலையில் வந்து, பாரபெட் சுவரில் கயிறுகூட இல்லாமல் நிற்கவைத்தார்கள் என்று சொன்னபோது என்னால் அன்றிரவு தூங்க முடியவில்லை.

அப்ரென்டிஸ் இடங்களையும் இந்தத் தொடர்பிலேயே பேசிவையுங்கள். இரண்டாண்டு முடித்து தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்கியவனுக்கு 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி உதவித்தொகையுடன் பயிற்சி கிடைக்கும்.

10. பெண்களைச் சேர்ப்பது

அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ-யில் சேரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. சேர்க்கை நேரத்தில் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய் இதைச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வந்து வேலை பார்ப்பவர் பெண்ணாக இருந்தால் நிம்மதி என்று நினைக்கும் குடும்பங்கள் ஏராளம். பட்டறையில் உடை மாற்ற ஓர் அறையும் சுத்தமான கழிப்பறையும் முதலில் தயாராக இருக்கட்டும்.

11. நீங்கள் படிப்பது

பயிற்றுநர் பயிற்சியை முடிக்கவில்லை என்றால் முடித்துவிடுங்கள், சென்னை கிண்டியில் தேசியத் திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஏ.சி. கம்பெனிகள் நடத்தும் பயிற்சி வகுப்புகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போங்கள். ஹீட் பம்ப்பைப் பாடத்தில் கொண்டுவாருங்கள். ஊட்டி, கொடைக்கானலில் அறையைச் சூடாக்கவும், ஓட்டல், மருத்துவமனைகளில் வெந்நீருக்கும் அதே கம்ப்ரஸரும் காயிலும்தான் வேலை செய்கின்றன.

12. புதிய பேட்ச் வரும் முன்

விடுமுறையில் ஒரு வாரம் பட்டறைக்கு வாருங்கள். ஆர்.சி.சி.பி. ஒவ்வொன்றின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ஹார்னஸின் தையல்களை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், நூல் பிரிந்ததை வெட்டிப் போட்டுவிடுங்கள், யாரும் எடுத்து மாட்டாதபடி. ஹோஸ்களின் ரப்பர் வாஷரை மாற்றுங்கள். எடை மெஷினில் தெரிந்த எடையொன்றை வைத்துச் சரிபாருங்கள். கடைசியாக, வேக்யூம் பம்பின் ஆயிலை வடித்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்றி, மைக்ரான் கேஜை நேரடியாகப் பம்பிலேயே மாட்டி ஓடவிடுங்கள். 500-க்குக் கீழே நன்றாக இறங்கினால், வகுப்பைத் தொடங்கலாம்.